குழாய்க்கு முந்தைய நிமிடங்கள்

"டியூப் போட்டா திரும்பி வருவாரா, மிஸி?"

சிங்கப்பூரில் ஐசியு வாசலில் நிற்கும் தமிழ்க் குடும்பங்கள் தாதியரிடம் அதிகம் கேட்பது இதைத்தான். கேட்பவர்களின் மனத்தில் குழாய் என்பது கடைசிக் கட்டம். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பதே அவர்களுடைய பயம். எங்கள் பயம் கொஞ்சம் முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. குழாய் உள்ளே போவதற்கு முந்தைய பத்துப் பதினைந்து நிமிடங்களில் நாங்கள் எதைச் செய்கிறோம், எதை விட்டுவிடுகிறோம் என்பதில் ஓர் உயிர் நிற்கிறது. இந்த நிமிடங்களைப் பற்றித் தமிழில் விரிவாக எழுதி நான் படித்ததில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் பல வருடங்களாகத் தாதியாக இருக்கும் ஒருத்தி எழுதலாம் என்று தோன்றியது.

வாய்வழியாக ஒரு குழாயைச் செலுத்தி, குரல்நாண்களைத் தாண்டி மூச்சுக்குழாயில் நிறுத்தி, வென்டிலேட்டரோடு இணைப்பதுதான் இன்டியூபேஷன். விழித்திருப்பவரின் தொண்டை இதற்கு எளிதில் இடம்கொடுக்காது. அதனால் மயக்க மருந்தும், தசைகளைத் தளரவைக்கும் மருந்தும் கொடுக்கிறோம். மருந்து ஏறி ஒரு நிமிடம் ஆகும்போது, அதுவரை திணறியாவது தானே மூச்சுவிட்டுக்கொண்டிருந்தவர் மூச்சை நிறுத்திவிடுவார். நிறுத்தியவர்கள் நாங்கள். குழாய் சரியான இடத்தில் உட்கார்ந்து காற்று போகும்வரை அவருடைய ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த அறையில் நிற்பவர்களே பொறுப்பு.

அறுவை சிகிச்சைக் கூடத்தில் இதே வேலை தினமும் நடக்கிறது. அங்கே வருபவர் பட்டினி இருந்து, பரிசோதனையெல்லாம் முடித்து, பெரும்பாலும் நல்ல நுரையீரலோடு வருகிறார். கஷ்டமாக இருந்தால் அவரை எழுப்பிவிட்டு இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். ஐசியுவில் அந்த வசதி கிடையாது. மூச்சு போதவில்லை என்பதால்தானே குழாயே போடுகிறோம்? நுரையீரல் நீரிலோ சளியிலோ மூழ்கியிருக்கும், ரத்த அழுத்தம் ஏற்கெனவே தள்ளாடும், வயிற்றில் உணவு இருக்கும். 29 நாடுகளில் ஏறத்தாழ 3000 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2021இல் வெளியான இன்டியூப் ஆய்வு இந்த வித்தியாசத்தை எண்ணிலேயே காட்டியது. 45 விழுக்காட்டினருக்குக் குழாய் போடும் வேளையில் ஏதாவது ஒரு பெரிய சிக்கல் வந்தது. 43 விழுக்காட்டினருக்கு ரத்த ஓட்டம் நிலைகுலைந்தது. 9 விழுக்காட்டினருக்கு ஆக்சிஜன் அபாயமான அளவுக்கு இறங்கியது. நூறில் மூன்று பேருக்கு இதயம் நின்றது. அந்த நூறில் மூன்றைப் படித்த பிறகு எந்த இன்டியூபேஷனையும் சாதாரண வேலையாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் ஆக்சிஜன். அமைதியாக மூச்சு விட்டு முடித்த பிறகும் ஒரு பெரியவரின் நுரையீரலில் சுமார் இரண்டரை லிட்டர் காற்று மிச்சம் இருக்கும். சாதாரணக் காற்று என்றால் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன், அதாவது அரை லிட்டர். உடம்பு நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லிலிட்டர் செலவழிக்கிறது. மூச்சு நின்றால் இரண்டு நிமிடத்தில் கையிருப்பு காலி. அதே இடத்தை முன்கூட்டியே சுத்த ஆக்சிஜனால் நிரப்பிவிட்டால் ஆரோக்கியமானவர் ஏறக்குறைய 8 நிமிடம் தாங்குவார். தண்ணீர்த் தொட்டி கழுவப்போகிறோம் என்று நகர மன்றம் மின்தூக்கிப் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டியதும் வாளிகளை நிரப்பி வைப்போமே, அந்த வேலைதான். ஐசியு நோயாளியின் வீட்டில் வாளிகள் பாதி உடைந்திருக்கின்றன, தண்ணீரும் இரண்டு மடங்கு வேகத்தில் செலவாகிறது. நிமோனியா முற்றியவருக்கு 8 நிமிடம் எல்லாம் கிடையாது. சிலருக்கு ஒரு நிமிடம்கூட இல்லை.

அதனால்தான் மூக்கையும் வாயையும் மூடும் முகமூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நாங்கள் மூன்று நிமிடம் நிற்கிறோம். வெளியிலிருந்து பார்ப்பவர்கள், "ஏன் சும்மா நிக்கிறாங்க, சீக்கிரம் போடக்கூடாதா?" என்று பதறுகிறார்கள். அந்த மூன்று நிமிடத்தில்தான் முக்கியமான வேலை நடக்கிறது. படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்துகிறோம், காது மடலும் மார்பெலும்பின் மேற்குழியும் ஒரே மட்டத்துக்கு வரும்படி. உடல் பருமனானவருக்கு இந்த ஒன்றே பெரிய வித்தியாசம். தாடி இருந்தால் முகமூடி ஒழுகும், கூடுதல் கை தேவை. பல்செட் இருந்தால் குழாய் போடுவதற்குச் சற்று முன்புவரை அதை வாயிலேயே விட்டுவைப்பது நல்லது. கன்னம் உள்ளே ஒடுங்காமல் முகமூடி நன்றாகப் பொருந்தும்.

எப்படி நிரப்புவது என்பதிலும் சமீபத்தில் தெளிவு பிறந்திருக்கிறது. அமெரிக்காவில் 1301 நோயாளிகளிடம் நடந்த பிரிஆக்ஸி ஆய்வு 2024இல் வந்தது. சாதாரண ஆக்சிஜன் முகமூடி போட்டவர்களில் 18.5 விழுக்காட்டினருக்குச் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜனின் அளவு, 85 விழுக்காட்டுக்குக் கீழே போனது. அழுத்தத்தோடு காற்றைத் தள்ளும் இறுக்கமான முகமூடி போட்டவர்களில் அது 9.1 விழுக்காடு. பாதி. பெரும்பாலும் ஏற்கெனவே வார்டில் இருக்கும் ஓர் இயந்திரத்தைச் சில நிமிடம் முன்னால் மாட்டியதற்கு இவ்வளவு பலன். எனக்கு இது பெரிய செய்தியாகப் பட்டது.

இன்னொரு பழைய பழக்கமும் மாறியது. மருந்து கொடுத்த பின் குழாய் போடும்வரை முகமூடியோடு இணைந்த பையை அமுக்கிக் காற்று கொடுக்கக்கூடாது, வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடும் என்றுதான் நாங்கள் படித்தோம். 2019இல் 401 பேரிடம் சோதித்தபோது, மெதுவாகப் பை அமுக்கியவர்களில் 11 விழுக்காட்டினருக்கும், அமுக்காதவர்களில் 23 விழுக்காட்டினருக்கும் சாச்சுரேஷன் 80க்குக் கீழே இறங்கியது. வயிற்றில் இருந்தது நுரையீரலுக்குள் போனது அதிகரித்ததாகத் தெரியவில்லை. வாந்தி, ரத்தம் என்று ஆபத்து அதிகம் உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

ஆக்சிஜனைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். ரத்த அழுத்தத்தை மறந்துவிடுகிறார்கள். திணறும் நோயாளியின் உடம்பு முழு பலத்தையும் திரட்டி ரத்தக் குழாய்களை இறுக்கி வைத்திருக்கும். மயக்க மருந்து அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. வென்டிலேட்டர் தள்ளும் காற்று நெஞ்சுக்குள் அழுத்தத்தைக் கூட்டி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைக் குறைக்கிறது. இரண்டும் ஒரே நிமிடத்தில் நடக்கும்போது அழுத்தம் 60க்கு விழுவதை நான் பார்த்திருக்கிறேன். முதலில் சொன்ன இன்டியூப் ஆய்வில் பெரும்பாலான சிக்கல் இந்த வகைதான்.

முன்னாலேயே அரை லிட்டர் சலைன் ஏற்றிவிட்டால் போதும் என்று நினைத்திருந்தோம். 2022இல் வெளியான ஆய்வில் அப்படி ஏற்றியதால் பலன் தெரியவில்லை. எனவே ரத்த அழுத்தத்தை உயர்த்தும் நார்அட்ரினலின் மருந்து பம்பில் தயாராக, லைனில் இணைத்தபடி இருக்கவேண்டும். விழுந்த பிறகு கலக்க ஆரம்பித்தால் தாமதம். அழுத்தம் ஏற்கெனவே குறைவு என்றால் மருந்து குழாய்க்கு முன்பே ஓடிக்கொண்டிருக்கவேண்டும். ரத்த ஓட்டம் குன்றி ஷாக்கில் இருப்பவருக்கு மயக்க மருந்தைக் குறைத்தும் தசை தளர்த்தும் மருந்தைத் தாராளமாகவும் கொடுப்பது வழக்கம். ரத்தம் மெதுவாக ஓடும் உடம்பில் தளர்த்தும் மருந்து போய்ச் சேர நேரம் எடுக்கும். பாதி தளர்ந்த தொண்டையில் அவசரப்பட்டுக் கருவியை நுழைத்தால் வாந்திதான் வரும்.

குழாயைச் செலுத்தும் வேலை மருத்துவருடையது. நான் அதில் அதிகம் சொல்லப்போவதில்லை. ஒன்று மட்டும்: முதல் முயற்சியிலேயே போய்விடவேண்டும். அமெரிக்காவில் 2004இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பில், அவசரமாகக் குழாய் போட்டவர்களில் இரண்டு முயற்சிக்குள் முடிந்தவர்களுக்கு இதயம் நின்றது 0.7 விழுக்காடு. இரண்டைத் தாண்டியவர்களுக்கு 11 விழுக்காடு. ஒவ்வொரு முயற்சியிலும் தொண்டை வீங்குகிறது, ரத்தம் கசிகிறது, அடுத்த முயற்சி முந்தையதைவிடக் கஷ்டமாகிறது. திரையில் குரல்நாண்களைக் காட்டும் வீடியோ லாரிங்கோஸ்கோப் முதல் முயற்சி வெற்றியை 71 விழுக்காட்டிலிருந்து 85ஆக உயர்த்தியது என்று 2023இல் 1417 பேரிடம் நடந்த ஆய்வு சொன்னது. தாதியாக எனக்கு அதில் இன்னொரு நன்மையும் தெரிகிறது. மருத்துவர் ஒருவர் மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததை இப்போது அறையில் உள்ள எல்லாரும் பார்க்கிறோம். எங்கே தடை என்பது எனக்கும் தெரியும்போது, அவர் கேட்பதற்கு முன்பே, குழாய்க்கு வழிகாட்டும் மெல்லிய வளையும் தண்டான பூஜியை நீட்டமுடிகிறது.

இனிச் சொல்லப்போவதுதான் என் மனத்துக்கு மிக நெருக்கமான விஷயம்.

2005இல் பிரிட்டனில், சைனஸ் அறுவை சிகிச்சைக்காக எலைன் புரோமிலி என்ற 37 வயதுப் பெண்ணுக்கு மயக்கம் கொடுத்தார்கள். மூச்சுப்பாதை அடைபட்டது. அனுபவமுள்ள மருத்துவர்கள் அறையில் இருந்தார்கள். குழாயைச் செலுத்த மறுபடி மறுபடி முயன்றுகொண்டே இருந்தார்கள், நேரம் ஓடுவது அவர்களுக்குத் தெரியவில்லை. ஒரு தாதி கழுத்தில் துளையிடும் கருவிப் பெட்டியைக் கொண்டுவந்து, இருக்கிறது என்று சொன்னார். இன்னொருவர் ஐசியுவில் படுக்கைக்கு ஏற்பாடு செய்தார். மருத்துவர்கள் பார்த்த பார்வையில், தான் மிகைப்படுத்துகிறோமோ என்று தோன்றி, திரும்பவும் அழைத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நினைவு திரும்பாமலேயே 13 நாள் கழித்து எலைன் இறந்துபோனார். அவருடைய கணவர் மார்ட்டின் புரோமிலி விமானி. விமானி அறையில் யார் வேண்டுமானாலும் கேப்டனிடம் ஆபத்தைச் சொல்லப் பயிற்சி உண்டு, மருத்துவமனையில் ஏன் இல்லை என்று அவர் கேட்டார். 2007இல் மருத்துவப் பணியில் மனிதக் காரணிகளைப் பற்றிய ஓர் அமைப்பைத் தொடங்கினார். இன்று உலகெங்கும் மூச்சுப்பாதைப் பயிற்சி வகுப்புகளில் இந்தக் கதையைச் சொல்கிறார்கள்.

அந்தத் தாதியரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். என்ன செய்யவேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதைக் காதில் விழும்படி சொல்ல வழி இல்லாமல் போனது.

எங்கள் அறையில் சீன மருத்துவர் தலைமாட்டில் நிற்பார், பிலிப்பினோ தாதி மருந்து கொடுப்பார், மலாய்க்காரர் வென்டிலேட்டரைப் பார்ப்பார், மியன்மார்ப் பெண் குறிப்பெழுதுவார். ஆங்கிலம் பொது என்றாலும் ஆளுக்கு ஓர் உச்சரிப்பு. இதில் தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வரும் பிள்ளைகளுக்குக் கூடுதல் தயக்கம் உண்டு. பெரிய டாக்டர் உள்ளே வந்தால் எழுந்து நின்று, கேட்டால் மட்டும் பதில் சொல்லிப் பழகியவர்கள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, வேலையில் கெட்டிக்காரி, சாச்சுரேஷன் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே வாய் திறக்காமல் நின்றாள். பிறகு கேட்டபோது, "அக்கா, டாக்டர் டியூப் போட்டுட்டு இருக்கும்போது நான் எப்படிக்கா குறுக்கே பேசறது?" என்றாள்.

"நீ அவருக்கு எதிரா பேசலம்மா. மானிட்டர்ல இருக்கறத வாசிக்கற. அவரால அதைப் பார்க்க முடியாது, அவர் கண்ணு தொண்டையில இருக்கு. உன் வாய்தான் அவருக்கு மானிட்டர்."

இப்போது அவள் 96, 94, 91 என்று அந்த அறைக்கே கேட்கும்படி வாசிக்கிறாள். ஆனால் இதை ஒருத்தியின் தைரியத்தில் விட்டுவிடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. மருந்து கொடுப்பதற்கு முன்பே தலைமாட்டில் நிற்பவர் வாய்விட்டுச் சொல்லவேண்டும்: முதல் திட்டம் இது, நடக்காவிட்டால் இது, சாச்சுரேஷன் 90க்குப் போனால் என்னை நிறுத்தச் சொல்லுங்கள், நான் நிறுத்திவிட்டு முகமூடி போடுகிறேன். அனுமதி முன்னாலேயே கிடைத்துவிட்டால் இளையவருக்கும் சொல்வது கடமையாகிவிடுகிறது. குழாயும் போகவில்லை, முகமூடியாலும் காற்று போகவில்லை என்றால் கழுத்தின் முன்புறம் கீறி, பூஜியை வழியாக வைத்து 6ஆம் அளவுக் குழாயைச் செலுத்தவேண்டியதுதான். பத்தாம் எண் கத்தி எந்தத் தட்டில் இருக்கிறது என்று அந்த நேரத்தில் யாரும் தேடக்கூடாது.

குழாய் உள்ளே போய்விட்டது. எங்கே போயிருக்கிறது? மூச்சுக்குழாய்க்குப் பின்னாலேயே உணவுக்குழாய். நெஞ்சு உயர்வதுபோல் தெரியும், குழாயில் ஆவி படியும், ஸ்டெதஸ்கோப்பில் சத்தமும் கேட்கும், இத்தனைக்கும் குழாய் வயிற்றில் இருக்கலாம். வெளிவரும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறதா என்று அலைக்கோடாகக் காட்டும் கேப்னோகிராஃபியைத்தான் நம்பவேண்டும். 2011இல் வெளியான பிரிட்டனின் தேசியத் தணிக்கை, ஐசியுக்களில் மூச்சுப்பாதைச் சிக்கலால் நேர்ந்த மரணங்களிலும் மூளைப் பாதிப்புகளிலும் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றில் இந்தக் கருவியைப் பயன்படுத்தாததும் ஒரு காரணம் என்று கண்டது. பத்து வருடம் கழித்து வந்த இன்டியூப் ஆய்வில், உலக அளவில் இதைப் பயன்படுத்தியது ஏறத்தாழ கால்வாசிப் பேருக்குத்தான். இதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது.

கோடு எழவில்லை என்றால் குழாய் தவறான இடத்தில் இருக்கிறது என்பதுதான் விதி. இதயம் நின்றுபோனதால் கோடு வரவில்லை என்று சமாதானம் சொல்லக்கூடாது. நெஞ்சை அமுக்கி உயிர்ப்பிக்கும்போதும் மூச்சுக்குழாயில் இருக்கும் குழாய் சின்ன அலையையாவது காட்டும். 2022இல் வந்த பன்னாட்டு வழிகாட்டுதல், குறைந்தது ஏழு மூச்சுக்கு அலை நிலைத்து வருவதைப் பார்க்கச் சொல்கிறது. தட்டையான கோட்டைப் பார்க்கும் யாரும், தாதியோ மாணவரோ, அதைச் சொல்லவேண்டும்.

சிங்கப்பூர் மருத்துவமனைகளில் இந்தப் பேச்சுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 2003இல் சார்ஸ் என்ற நுரையீரல் தொற்று பரவியபோது இங்கே 238 பேர் பாதிக்கப்பட்டார்கள், 33 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் 41 விழுக்காட்டினர் சுகாதாரப் பணியாளர்கள். சார்ஸ் காலத்துத் தரவுகளைத் தொகுத்துப் பார்த்த பிற்கால ஆய்வில், குழாய் போடுவதில் பங்கெடுத்தவர்களுக்குத் தொற்று வாய்ப்பு ஆறு மடங்குக்கு மேல் என்று தெரிந்தது. டான் டோக் செங் மருத்துவமனையில் அப்போது வேலை பார்த்த மூத்த தாதியர் அந்த நாள்களைப் பற்றி இன்றும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். அவர்களிடமிருந்து வந்த பழக்கங்கள் 2020இல் எங்களுக்குக் கைகொடுத்தன: அறைக்குள் தேவையானவர்கள் மட்டும், அனுபவமுள்ளவர் முதல் முயற்சி, எல்லாம் தயாரான பிறகே கதவு மூடுவது. முகக்கவசமும் காற்று ஊதும் தலைக்கவசமும் போட்டுக்கொண்டால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அதனால் ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருப்பிச் சொல்லும் பழக்கம் இறுகியது. தசை தளர்த்தும் மருந்தைக் கொடுக்கும்போது இப்படி: "ரொக்குரோனியம் 80 மில்லிகிராம்." "ரொக்குரோனியம் 80 மில்லிகிராம், கொடுத்தாச்சு."

குடும்பத்தின் நேரமும் இதே கணக்கில்தான் வருகிறது. பெரியண்ணன் ஜோகூரிலிருந்து வந்துகொண்டிருக்கிறார், வந்த பிறகு சொல்கிறோம் என்பார்கள். எனக்கு அது புரிகிறது. எங்கள் வீட்டிலும் பெரியவர் இல்லாமல் முடிவெடுக்க மாட்டார்கள். ஆனால் காலையில் நிதானமாக, நிரப்பவேண்டியதை நிரப்பிச் செய்திருக்கக்கூடிய வேலை, இரவு சாச்சுரேஷன் 70இல் நிற்கும்போது அவசரமாகச் செய்யவேண்டியதாகிறது. இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நோயாளியால் முடிவெடுக்க முடியாதபோது, தன் சார்பில் முடிவெடுக்க ஒருவரை முன்பே நியமிக்கும் நீடித்த அதிகாரப் பத்திரம் இருந்தாலும், உயிர்காக்கும் சிகிச்சையில் அவருடைய நலன் கருதி முடிவெடுக்கும் பொறுப்பு மருத்துவர்களுடையது. குடும்பத்திடம் அவர்கள் கேட்பது, இவர் இருந்தால் எதை விரும்பியிருப்பார் என்பதை. அப்பாவின் உயிரைப் பற்றிய தீர்ப்பை உங்களிடம் யாரும் கேட்கவில்லை. குழாய் எல்லாருக்கும் ஏற்றதும் இல்லை. முற்றிய நோயில் வேண்டாம் என்று முன்பே சொன்னவர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் முன்கூட்டிய பராமரிப்புத் திட்டமிடல் இருக்கிறது. தெளிவாகப் பேசமுடிகிற காலத்தில் அதைப் பேசிவிடுவது குடும்பத்துக்குச் செய்யும் பெரிய உதவி.

விழித்திருப்பவருக்கு மருந்து கொடுப்பதற்கு முன் வீட்டாரோடு பேச இரண்டு நிமிடம் கிடைக்கவேண்டும் என்று நான் பிடிவாதமாகக் கேட்பேன். கட்டுமான வேலைக்கு வந்த அறந்தாங்கிப் பக்கத்துத் தம்பி ஒருவருக்குக் கடுமையான நிமோனியா. இறுக்கமான முகமூடி ஆக்சிஜனை நிரப்பிக்கொண்டிருந்த அந்த இடைவெளியில் வீடியோ அழைப்பில் மனைவியைப் பிடித்தோம். "பிள்ளைக்கு ஃபீஸ் கட்டியாச்சா?" என்று கேட்டார். கட்டியாச்சு என்று அந்தப் பெண் அழுதுகொண்டே சொன்னார். மருத்துவருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் அழைப்பு முடியும்வரை சிரிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அடுத்த வாரம் குழாயை எடுத்தோம். தொண்டை கட்டிய குரலில் முதலில் போன் கேட்டார்.

உங்கள் வீட்டில் யாராவது மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரிக்குப் போனால், தாதி கேட்காவிட்டாலும் சில விஷயங்களைச் சொல்லுங்கள். பல்செட் இருக்கிறதா, ஆடுகிற பல் இருக்கிறதா. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருமா. கழுத்தில் அறுவை சிகிச்சையோ கதிர்வீச்சோ நடந்ததா, கழுத்தைப் பின்னால் சாய்க்கமுடியுமா. கடைசியாக எப்போது சாப்பிட்டார், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. முன்பு எப்போதாவது அறுவை சிகிச்சைக்குப் பிறகு, "உங்களுக்குக் குழாய் போட ரொம்பக் கஷ்டமாக இருந்தது" என்று மயக்க மருந்து நிபுணர் சொல்லியிருந்தாலோ கடிதம் கொடுத்திருந்தாலோ, அதைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஊரில், வேறு நாட்டில் நடந்ததாக இருந்தாலும் பரவாயில்லை. அவசரப் பிரிவுக்குள் நுழைந்ததும், பெயரும் வயதும் சொன்ன கையோடு அதைக் காட்டுங்கள்.